அரக்கு உடம்பு, பச்சைக் கரை

போன வெள்ளிக்கிழமை கடையின் மாடிப்படியில் நின்று தேவிப்ரியா கேட்டது இரண்டே பேச்சுதான்.

“உடம்பு டல்லடிக்குதுண்ணா. கரையும் முந்தியும் எவ்ளோ கிராண்டா இருந்தாலும் உடம்பு டல்லுன்னா லைவ்ல நிக்காது” என்றது கொழுந்தன் சரத்குமாரின் குரல்.

“மாத்திடலாம்” என்றது அவள் கணவன் மாணிக்கவேலின் குரல்.

காஞ்சிபுரத்தில் புடவைக்கும் உடம்பு உண்டு. கரையும் முந்தியும் போக நடுவில் விரிகிற பரப்புக்கு அதுதான் பெயர். பட்டுக்கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அப்படியே கேட்டுப் பழகியவள் தேவிப்ரியா. போனில் நேரலையாகப் புடவை காட்டி விற்கும் லைவுக்காகத் தான் எடுத்து வைத்த சந்தன நிறப் புடவையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கேமராவில் சந்தனம் வெளிறித்தான் போகும், அவளுக்கே தெரியும். ஓசைப்படாமல் கீழே இறங்கி, அலமாரியைக் குடைந்து, அரக்கு உடம்பும் பச்சைக் கரையுமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தனியே வைத்தாள். அண்ணியிடம் நேரில் சொல்ல சரத்துக்குக் கூச்சம், பாவம் என்று சிரித்துக்கொண்டாள்.

இன்று மறுபடி வெள்ளிக்கிழமை. கர்ப்பப்பையை எடுத்த பிறகு அவள் லைவுக்குத் திரும்பும் முதல் நாள்.

காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் உட்கார்ந்தாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. அதைச் சுருட்டி ஜன்னல் ஓரம் வைத்தாள். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. தாடைக்குக் கீழே முன்பு இல்லாத ஒரு மடிப்பு. அதையும் பார்த்தாள். பார்க்காமல் தாண்டிப் போகிற பழக்கத்தை அவள் விட்டு நாளாகிறது.

அந்தப் பழக்கம் முன்பு இருந்தது. கறுப்பு என்று கேட்டே வளர்ந்தவள். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் தலை குனிந்திருப்பாள். வெட்கம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வெட்கம் இல்லை, பயம்.

ஊரடங்கு நேரத்தில் கடை மூடிக் கிடந்தபோது, வேறு ஆள் கிடைக்காமல், மாணிக்கவேல் அவள் தோளில் ஒரு புடவையைப் போட்டு போனில் படம் பிடித்தான். முதல் மாதம் முழுக்க அவள் புடவையைத்தான் பார்த்தாள், கேமராவைப் பார்க்கவில்லை. பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டாள். தோளை இறக்கி, மூச்சை விட்டு, இரண்டு காலிலும் சமமாக நிற்பது. தனக்குப் பொருந்தும் கழுத்து எது, கை நீளம் எது என்று பார்த்துத் தைத்துக்கொள்வது. ராத்திரி நேரத்தோடு தூங்குவது. வாரத்துக்கு ஒருநாள் எண்ணெய், கண்ணில் ஒரு கோடு மை, அவ்வளவுதான். சரத் ஒரு தடவை போனில் ஃபில்டர் போட்டு அவளை வெளுப்பாக்கிவிட்டான். அவள் நிறம் மாறியதோடு புடவையின் மாம்பழ மஞ்சளும் எலுமிச்சை மஞ்சளாகிவிட்டது.

“எடுத்துடு சரத். என் மேல பொய் சொன்னாக்கூட பரவாயில்ல, புடவை மேல சொன்னா ரிட்டர்ன் வரும்” என்றாள். அதைக் கேட்டு மாணிக்கவேல் சிரித்தான். சிரித்தபடி அவளைப் பார்த்தான். இத்தனை நாள் இவள் எங்கே இருந்தாள் என்பது போன்ற ஒரு பார்வை. கல்யாணமாகி மகன் கல்லூரிக்குப் போன பிறகு வந்த அந்தப் பார்வையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குறைந்துவிடும் என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பார்வை வரவில்லை. ஆஸ்பத்திரியில் கஞ்சி வாங்கி வந்தான், மருந்து எடுத்துக் கொடுத்தான், கையைப் பிடித்து நடக்க வைத்தான். எல்லாம் செய்தான். ஆனால் அவளைப் பார்த்துப் பேசுவதில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான். “நீ ஃப்ரீயா படு” என்று ஹாலில் படுக்கப் போனவன் இன்னும் உள்ளே வரவில்லை.

இன்று லைவில் நின்றால் அந்தப் பார்வை திரும்பி வரும் என்று அவள் நம்பினாள். அதற்காகத்தான் இத்தனையும்.

கதவருகே நிழலாடியது. சரத்தின் மனைவி தீபிகா காபி டம்ளரோடு நின்றாள். ஐயம்பேட்டைப் பெண். இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“உள்ள வா, ஏன் அங்கயே நிக்கிற?”

“அக்கா, தலைக்கு ஊத்திக்கினீங்களா? சளி புடிச்சுக்கப் போவுது.”

“இன்னிக்கு லைவ் இருக்குதே. எண்ணெய்த் தலையோட போயி நின்னா ஜனங்க பயந்துடுவாங்க.”

தீபிகா சிரிக்கவில்லை. டம்ளரை மேசையில் வைத்தாள். திரும்பினாள். மறுபடி நின்றாள்.

“அக்கா…”

“இன்னாமா?”

“ஒண்ணுமில்லக்கா. ஆறிடும், குடிங்க.”

அவள் போன வழியே மாணிக்கவேல் வந்தான். போன் சார்ஜரைத் தேடினான். அது அவன் கண்ணெதிரேதான் இருந்தது.

“இன்னிக்கே வரணுமா நீ? டாக்டர் இன்னும் கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரில்ல?”

“கனம் தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. நிக்கக் கூடாதுன்னு சொல்லலையே.”

“மாடிப்படி ஏறணுமே.”

“மெதுவா ஏறிக்கறேன். போன வாரம் ஏறினேனே.”

அவன் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டான். “சரி, போன் பண்றேன். அப்புறமா வா” என்று சார்ஜரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் வரை போன் வரவில்லை. வேலையாக இருப்பான் என்று எண்ணிக்கொண்டு, பிரித்துத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கக் கிளம்பினாள்.

ஒலிமுகமதுபேட்டையில் உம்முசல்மாவின் வீட்டு முன்னறைதான் தையல்கடை. பக்கத்தில் போகும் ஷேர் ஆட்டோக்களின் சத்தத்துக்கு மேல் மிஷின் சத்தம் கேட்கும். அதற்கும் மேல் உம்முசல்மாவின் குரல் கேட்கும்.

“வா தேவிமா வா. ஹீரோயினி வந்துட்டா, எல்லாம் எழுந்து நில்லுங்க!” அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

“சும்மா இருங்கக்கா. ரவிக்கை ஆயிடுச்சா?”

“பச்சைதானே, பிரிச்சு வுட்டுட்டேன். இப்போ மூச்சும் வுடலாம், சோறும் துன்னலாம். போட்டுப் பாரு ஜல்தி.”

திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தாள். கை பிடிக்கவில்லை. முதுகு சரியாக உட்கார்ந்தது. அடிவயிற்றுத் தையல் குனிந்தால் இழுக்கும், குனியாமல் நின்றால் தெரியாது. நிமிர்ந்து நின்று சின்னக் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தாள். கொஞ்சம் பருத்துவிட்டாள்தான். ஆனால் இது அவள்தான்.

“நல்லாருக்குதாக்கா?” என்று வெளியே வந்தாள்.

உம்முசல்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். “மாஷா அல்லா. கண்ணு பட்டுடும். என்னப் பாரு, நிக்காவுல ஒரு ஆளா இருந்தேன், இப்போ ரெண்டு ஆளு. எங்க வூட்டுக்காரு எந்த ஆள்கிட்ட பேசறதுன்னு தெரியாம பேசறதையே வுட்டுட்டாரு.”

தேவிப்ரியா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபோது வயிறு இழுத்தது. கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ரெண்டு பேரும் ஜோடியா வரப்போறீங்களா லைவ்ல?” உம்முசல்மா ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள். “நல்லாத்தான் இருக்கும், அக்காவும் தங்கச்சியுமா.”

“யாரு ரெண்டு பேரு?”

“நீயும் உன் ஓரகத்தியும்தான். அந்தப் பொண்ணுக்கும் இன்னிக்குத்தான்னு சொன்னாரே உங்க வூட்டுக்காரரு. திங்கக்கெழம வந்து ஒரே அவசரம். அத்தினி ரவிக்கையையும் வெள்ளிக்கெழமைக்குள்ள குடுங்கன்னு. உன் ரவிக்கை ஒண்ணையே மாதிரிக்குக் குடுத்துட்டுப் போனாரு. இதே கழுத்து, இதே கை, சைஸு மட்டும் சின்னதா…”

உம்முசல்மா நிறுத்திக்கொண்டாள். எதிரில் நின்றவளின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“உனக்குத் தெரியும்னு நெனச்சேனே, தேவிமா.”

“தெரியும்கா” என்றாள் தேவிப்ரியா. “மறந்துட்டேன்.”

மாதிரிக்குப் போனது அவளுடைய மெரூன் ரவிக்கையாகத்தான் இருக்கும். அதைச் செவ்வாய்க்கிழமை முழுக்கத் தேடியிருந்தாள். அலமாரியைக் கவிழ்த்துத் தேடினாள். மாணிக்கவேலும் அவளோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

ஆட்டோவில் உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் அவளுக்குள் புரண்டது. உடம்பு. உடம்பு டல்லடிக்குதுண்ணா. மாத்திடலாம்.

சந்தன நிறப் புடவை இல்லை.

எதிரில் ஏனாத்தூர் கல்லூரி விட்டு வந்த பெண்கள் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். கோயில் பக்கம் போகிற வெளியூர் வேன்கள் ஹாரன் அடித்தன. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. தன்மேலேயே ஏளனம் வந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, சரத்தின் கூச்சத்தை நினைத்துச் சிரித்து, தன் கையாலேயே வேறு புடவை எடுத்து வைத்தாளே. தன்னை மாற்றப் போகிறவர்களுக்கு இவளே ஒத்தாசை செய்திருக்கிறாள்.

சரத் சொன்னது வலிக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் கேமராவுக்குள் வைத்துத்தான் பார்ப்பான். வலித்தது அந்த ஒரு வார்த்தை. தயங்காமல், யோசிக்காமல், ஒரு புடவைக்குச் சொல்வதைப் போலவே சொன்ன ‘மாத்திடலாம்’.

திரும்பி வீட்டுக்குப் போகலாம். ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. காந்தி ரோட்டில் கடை வாசலில் இறங்கினாள்.

கீழே கடை நிறையக் கூட்டம். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கல்யாணக் குடும்பம் மெத்தையில் உட்கார்ந்து தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவள் நேராக அலமாரிக்குப் போனாள். தான் தனியே வைத்த இடத்தில் அரக்குப் புடவை இல்லை.

மாணிக்கவேல் கல்லாவிலிருந்து எழுந்து வேகமாக வந்தான். மாடிப்படிக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான்.

“நீ ஏன் வந்த? நான்தான் போன் பண்றேன்னேனே.”

“பண்ணலையே.”

“வேலையா இருந்துச்சு. கூட்டம் பாரு.” குரலைத் தாழ்த்தினான். “மேல இப்போ போகாத, தேவி. ஆரம்பிக்கப் போறாங்க.”

“யாரு?”

அவன் கண் அவளுடைய காதைத் தாண்டி எங்கோ இருந்தது.

“போன வெள்ளிக்கிழமை நீங்களும் சரத்தும் மேல பேசிக்கினு இருந்தீங்க. உடம்பு டல்லுன்னு. அது எந்தப் புடவைங்க?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவன். சந்தனம் என்று சொல்லியிருக்கலாம். சாம்பல், வெங்காயத் தோல் கலர், எதையாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நம்புவதற்குத் தயாராகத்தான் அங்கே நின்றாள். பெண்கள் எத்தனை பொய்களை இப்படி வாசலில் நின்று வரவேற்றிருப்பார்கள்!

“இப்போ எதுக்கு அதெல்லாம்?” என்றான்.

அவள் தலையை அசைத்தாள். மெதுவாக, புரிந்தது என்பதுபோல.

“உன் நல்லதுக்குத்தான் தேவி. கமென்ட்ல யாராச்சும் ஏதாச்சும் எழுதுவாங்க. குண்டாயிட்டீங்க, வயசாயிடுச்சுன்னு. அத நீ படிச்சா மனசு ஒடிஞ்சு போவும். என்னால தாங்க முடியாது.”

“அவங்க இன்னும் எழுதலையே” என்றாள் தேவிப்ரியா. “நீங்கதான சொல்லியிருக்கீங்க.”

மெத்தையிலிருந்து ஒரு பெரியம்மாள் ஜரிகையைக் காட்டி அவனைக் கூப்பிட்டாள். அவன் விடுபட்டவன் போல அந்தப் பக்கம் போனான்.

அவள் மாடி ஏறவில்லை. ஏறியிருக்க முடியும். ஆனால் அங்கே போய் ஒரு சின்னப் பெண்ணின் தோளிலிருந்து புடவையை உருவிக்கொள்ளவா? படிக்கட்டுக்குப் பக்கத்தில் மூட்டை பிரிக்கிற இடத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். மாடியிலிருந்து கேட்ட குரல் ஒரு நொடி தாமதமாகப் போனிலும் கேட்டது.

“வணக்கம்மா. எல்லாரும் சாப்டீங்களா?”

அது தேவிப்ரியாவின் ஆரம்பம். ஒவ்வொரு லைவிலும் அவள் முதலில் கேட்கும் கேள்வி.

திரையில் தீபிகா நின்றாள். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. தேவிப்ரியாவின் கழுத்து, தேவிப்ரியாவின் கை, சின்ன அளவில். அழகாக இருந்தாள். அதை மனசார ஒத்துக்கொள்ளும் அளவுக்கு தேவிப்ரியாவுக்கு இந்தத் தொழில் தெரியும். அந்தப் பெண்ணின் தோள்கள் மட்டும் காதுவரை ஏறியிருந்தன. மூச்சை விடாமல் பிடித்து வைத்திருந்தாள். விட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

கமென்ட்டுகள் ஏறத் தொடங்கின. பெயரும் ஊரும் சொல்லி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பது அந்த லைவின் வழக்கம். பார்க்கிறவர்கள் தங்கள் பெயரைக் கேட்கத்தான் காத்திருப்பார்கள். தீபிகாவும் படித்தாள். சேலத்திலிருந்து ஒருத்தி கலர் கேட்டாள். துபாயிலிருந்து ஒருத்தி இந்தப் பொண்ணு யாரு, மகாலட்சுமி மாதிரி இருக்குது என்றாள். சரத்தின் சிரிப்பு பின்னால் கேட்டது.

“பூவம்மாள், வேலூர்ல இருந்து. தேவிக்கா எங்க, உடம்புக்குப் பரவாயில்லையான்னு கேக்கறாங்க.” தீபிகா ஓரக்கண்ணால் கேமராவுக்குப் பின்னால் பார்த்தாள். சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிற குரலில் தொடர்ந்தாள். “அக்கா நல்லா இருக்காங்கம்மா. அவங்களேதான் சொன்னாங்க, எனக்குப் போதும், இனிமே லைவ் வேணாம், நீயே பாத்துக்கன்னு. ரெஸ்ட் எடுக்கணுமாம் அவங்களுக்கு.”

‘ஐயோ’ என்று ஒருத்தி எழுதினாள். அழுகிற முகம் போட்டாள் இன்னொருத்தி. அடுத்து யாரோ ஆன்லைனில் பணம் அனுப்பலாமா என்று கேட்டார்கள். அதற்கு அடுத்து முந்தியைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இவள் முகத்தைப் பார்த்தவர்கள், ஒரு அழுகை முகத்தோடு இவளைத் தாண்டிப் போனார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. இவளே போதும் என்று சொல்லிவிட்டாளாமே.

தேவிப்ரியாவுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. லைவிலிருந்து எடுத்தார்கள், போகட்டும். வேறு ஆளை நிறுத்தினார்கள், போகட்டும். ஆனால் தலை குனிந்தே இருந்த ஒருத்தி எவ்வளவு பாடுபட்டு நிமிர்ந்தாள் என்று இவர்களுக்குத் தெரியும். அவள் வாயாலேயே ‘எனக்குப் போதும்’ என்று சொன்னதாகச் சொல்லிவிட்டார்களே. அந்த வாக்கியம் அவளுடையதே இல்லை. அதை இப்படியே விட்டால் நாளை முதல் அவளே அதை நம்பத் தொடங்கிவிடுவாள்.

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மை கலையாமல். போனில் எழுத்துக்களைத் தேடித் தேடி அழுத்தினாள். அனுப்பினாள்.

மாடியில் தீபிகா தெம்பு வந்தவளாக வேகமாகப் படித்துக்கொண்டிருந்தாள். “மதுரைல இருந்து… இது ப்யூர் சில்க்தாம்மா, கவலைப்படாதீங்க. அடுத்து, தேவிப்ரியா, காஞ்சிபுரம். ‘நான் அப்படிச் சொல்லல…’”

குரல் நின்றது.

போனிலும் ஒரு நொடி கழித்து நின்றது. திரையில் தீபிகாவின் வாய் திறந்தபடி இருந்தது. அவளுக்குக் கீழே கமென்ட்டுகள் மளமளவென்று ஏறின. தேவிக்காவா? நிஜமாவா? அக்கா நீங்கதானா? என்னாச்சுக்கா? யார் சொல்றது உண்மை?

கல்லாவில் இருந்த மாணிக்கவேலின் போன் அடித்தது. மேலே இருக்கும் சரத்தாகத்தான் இருக்கும். அவன் எடுத்துக் கேட்டான். போனைக் காதிலிருந்து இறக்கினான். ஜரிகையைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியம்மாளை அப்படியே விட்டுவிட்டு, புடவை மடிப்புகளைத் தாண்டி, நேராக ஸ்டூலுக்கு வந்தான்.

“இன்னா காரியம் பண்ணிக்கீற நீ?”

அவள் எழுந்து நின்றாள். இரண்டு காலிலும் சமமாக. மூச்சை விட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். சுவரை இல்லை, காதை இல்லை. அவளை, நேராக, கண்ணுக்குள். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எத்தனை நாளாகக் காத்திருந்த பார்வை. அதில் கோபத்தைத் தவிர ஒன்றுமில்லை.

“அத அழிச்சுடு. இப்பவே அழி. ஏதோ தப்பா வந்துடுச்சுன்னு எழுது.”

“மாட்டேன்” என்றாள்.

அவன் அவள் கையிலிருந்த போனுக்காகக் கையை நீட்டினான். அதற்குள் அந்தப் போனிலிருந்தே தீபிகாவின் குரல் வந்தது. படிக்கிற குரல் இல்லை. காலையில் கதவருகே ‘அக்கா…’ என்று இழுத்தாளே, அந்தக் குரல்.

“அம்மா எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. அக்கா கீழதான் இருக்காங்க. நான் சொன்னது…”

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. சரத்தின் மோதிரம் மின்னியது. திரை கறுத்தது.

மாணிக்கவேல் கையை நீட்டியபடியே நின்றான். மாடியில் நாற்காலி ஒன்று விழும் ஓசை கேட்டது. அதன்பின், படிகளில் தீபிகாவின் கொலுசு தடதடவென்று இறங்கி வந்தது.